வரிசையில் யார் முன்னால்?

மேல்கோட்டையில் இருக்கும் சித்தப்பாவுக்கு இரண்டு வருஷமாக டயாலிசிஸ். வாரம் மூன்று நாள் மைசூருக்குப் போய் வருகிறார். கர்நாடகத்தின் 'ஜீவசார்த்தகதே' பட்டியலில் சிறுநீரகத்துக்குப் பதிவும் செய்திருக்கிறார்.

போன மாதம் ஃபோனில், "எவ்வளவு ஆனாலும் அனுப்பறேன் சித்தப்பா, கொஞ்சம் முன்னாடி போக வழி இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகு எனக்கே கூச்சம். பேங்கில் டோக்கனைத் தாண்டி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியவன் நான்!

அவர் சிரித்தார். "செல்வப்பிள்ளை சந்நிதியில மரியாதை உள்ளவா முதல்ல தீர்த்தம் வாங்கிப்பா. ஆனா கடைசி ஆளுக்கும் தீர்த்தம் உண்டு. இது அப்படி இல்லையேடா."

எல்லோருக்கும் போதாததை எப்படிப் பங்கிடுவது? நான் குடியிருக்கும் சியாட்டிலில் 1962-லேயே இந்தக் கேள்வி வந்தது. புதிய டயாலிசிஸ் மையத்தில் இடம் சொற்பம். பெயர் வெளியிடப்படாத ஏழு பேர் யாருக்கு இடம் என்று முடிவு செய்தார்கள். வருமானம், படிப்பு, சர்ச்சுக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்த்தார்கள். 'லைஃப்' பத்திரிகை எழுதியதும் நாடே பேசியது. 1972-இல் டயாலிசிஸ் செலவை அரசு ஏற்கச் சட்டம் வந்தது. இயந்திரத்தைக் காசு கொடுத்துப் பெருக்கலாம். சிறுநீரகத்தை?

இந்தியாவில் 1994 சட்டம் உறுப்பு விற்பனையைத் தடை செய்தது. 2008-இல் தமிழ்நாடு அரசு, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பங்கிட விதி வகுத்தது. கொடையாளர் இருந்த மருத்துவமனைக்கு ஒரு சிறுநீரகம், மற்றது பொதுப் பட்டியலுக்கு. 2018-இல் அங்கே வெளிநாட்டவருக்கு இதயங்கள் போனது சர்ச்சையானது. உள்ளூரில் பெற ஆளில்லாவிட்டால் வீணாகிவிடுமே என்றது ஒரு தரப்பு. ஏழை கொடுத்ததைப் பணக்காரர் பெறுவதா என்றது இன்னொன்று.

இரண்டிலும் நியாயம் உண்டு. இதயம் சில மணி நேரம்தான் தாங்கும். ஆனால் உள்ளூரில் ஏன் ஆளில்லை? ஆபரேஷன் செலவு எட்டாததும் ஒரு காரணம். கொடுக்கிற குடும்பம் வரிசையை நம்பித்தான் கொடுக்கிறது. அந்த நம்பிக்கை போனால் பங்கிட எதுவுமே மிஞ்சாது.

ஒன்று தெரியுமா? இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்ட நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே இந்தியக் குடிமக்களுக்குப் பின்னால்தான் இடம். முதலில் சுருக்கென்றது. யோசித்தால் சரிதான்.

போன வாரம் டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பித்தபோது, உறுப்பு தானத்துக்குச் சம்மதம் என்று டிக் செய்தேன். யாருக்குப் போகும் என்று கேட்கவில்லை. சித்தப்பா இன்னும் வரிசையில்தான் இருக்கிறார்...