மொஹீனின் குதிரைகள்: ஐம்பது ஆண்டு இசைப்பயணம்

1975ஆம் ஆண்டு. நக்சல்பாரி எழுச்சி விட்டுச்சென்ற காயங்கள் ஆறாத கொல்கத்தா, நெருக்கடிநிலையின் கெடுபிடிக்குள் சிக்கியிருந்தது. பார்க் ஸ்ட்ரீட் உணவகங்களில் ஆங்கில ராக் ஒலிக்க, வீடுகளில் ரவீந்திர சங்கீதமும் திரைப்பாடல்களும் கோலோச்சின. அந்நாளில், தம் நகரின் பாட்டைத் தம் தாய்மொழியில் பாட ஏழு இளைஞர்கள் ஒன்றுகூடினர். வங்க ராக் இசைக்குக் கால்கோள் இட்ட ‘மொஹீனேர் கோராகுலி’ இவ்வாறே பிறந்தது.

குழுவின் மூலவர் கௌதம் சட்டோபாத்யாய். பிரசிடென்சி கல்லூரியில் உடலியங்கியல் பயின்றவர்; நக்சல் இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். விடுதலைக்குப்பின் சிலகாலம் வெளிமாநிலத்தில் வாழ்ந்து, கொல்கத்தா திரும்பினார். தம்பியர் பிஸ்வநாத், பிரதீப் ஆகியோருடன் ரஞ்சன் கோஷால், தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய், ஏப்ரஹாம் மஜும்தார் ஆகியோர் தோள்கொடுத்தனர். நாக்தலாவிலிருந்த கௌதமின் இல்லமே பயிற்சிக்கூடம். கிட்டார், டிரம்ஸுடன் வயலின், புல்லாங்குழல், சாக்ஸபோன் ஆகியவையும் அங்கே முழங்கின. பாவுல் பாட்டும் ஜாஸும் கலந்தன.

தொடக்கத்தில் ‘சப்தரிஷி’, ‘தீரந்தாஜ்’, ‘கௌதம் சாட்டர்ஜி பி.எஸ்சி. ஓ சம்பிரதாய்’ எனப் பெயர்கள் மாறின. இறுதியில், ஜீவனானந்த தாஸின் ‘கோரா’ கவிதையில் நிலவொளியில் மேயும் மொஹீனின் குதிரைகளை ரஞ்சன் கோஷால் முன்மொழிய, அதுவே நிலைத்தது.

1977இல் முதல் இசைத்தட்டு ‘சங்பிக்ன பாகிகுல் ஓ கொல்கத்தா பிஷயக்’ வெளிவந்தது. 1978இல் ‘அஜானா உடந்தோ போஸ்து பா அ-உ-ப’, 1979இல் ‘த்ருஷ்யமான் மொஹீனேர் கோராகுலி’ தொடர்ந்தன.  

ஸ்டார் தியேட்டர், ரவீந்திர சதன், புனித பவுல் பேராலயம் என மேடைகள் வாய்த்தபோதும், புதுமையை ஏற்கப் பலர் தயங்கினர். இசைத்தட்டுகள் விலைபோகவில்லை. பிழைப்புக்காக உறுப்பினர் பல திசைகளில் பிரிய, 1981இல் குழு கலைந்தது. கௌதம் திரைத்துறையில் கால்பதித்தார். அவர் இயக்கிய ‘நாக்மதி’ (1983) சிறந்த வங்கமொழிப் படத்துக்கான தேசிய விருது பெற்றது.

தொண்ணூறுகளில் மறுமலர்ச்சி மலர்ந்தது. 1995 கொல்கத்தா புத்தகக் காட்சியில், இளைய பாடகர்களை அரவணைத்து கௌதம் தொகுத்த ‘ஆபார் பச்சோர் குரி போரே’ வெளியாயிற்று. ‘ஜோரா சமயேர் கான்’, ‘மாயா’, ‘க்யாபார் கான்’ தொகுப்புகள் தொடர்ந்தன. 1999 ஜூன் 20 அன்று கௌதம் மறைந்தார்.

2006இல் வெளிவந்த ‘கேங்ஸ்டர்’ இந்திப் படத்தின் ‘பீகி பீகி’ பாடல், 1995 தொகுப்பில் இடம்பெற்ற ‘ப்ருதிபீடா நாகி’யின் மெட்டில் அமைந்து நாடெங்கும் ஒலித்தது. ரஞ்சன் கோஷால் 2020இலும், தாபஸ் தாஸ் 2023இலும் விடைபெற்றனர். கௌதமின் மகன் கௌரவ் ‘லக்கீச்சாரா’ குழுவில் டிரம்ஸ் வாசித்து மரபைத் தொடர்கிறார். விலைபோகாத மூன்று இசைத்தட்டுகளைத் தந்த எழுவரின் துணிவே, பின்வந்த வங்க ராக் குழுக்கள் அனைத்துக்கும் முதலீடு.