ஒரே வீட்டு விருந்தாளி

தாவரவியலைத் தமிழில் எழுதியவர்கள் நமக்குத் தந்த சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தமானது ‘ஓம்புயிர்’. ஒட்டுண்ணிக்கு இடமும் உணவும் தரும் உயிருக்கு, விருந்தோம்பலில் உள்ள அதே ‘ஓம்பு’தலைச் சூட்டியிருக்கிறார்கள். அச்சொல்லில் கசப்பான நகை ஒன்றும் உண்டு. இங்கு வந்திருப்பவர் அழைக்கப்படாதவர். உண்டபின் விடைபெறுபவரும் அல்லர்.

பயிர்களின் இலையிலும் தண்டிலும் துருப்பிடித்தாற்போல் படரும் துருப் பூசணங்கள் அத்தகைய விருந்தாளிகள். அவற்றுள் சிலவற்றுக்கு இரண்டு வீடுகள் வேண்டும். கோதுமையின் தண்டுத் துரு, ஆண்டின் ஒரு பகுதியைக் கோதுமையிலும் மறு பகுதியைப் பார்பெர்ரி என்னும் முட்புதரிலும் கழித்தே வாழ்க்கைச் சுழற்சியை நிறைவு செய்கிறது. அறிவியல் இதை நிறுவும் முன்பே உழவர்கள் ஐயுற்றிருந்தனர். அமெரிக்காவின் கனெக்டிகட் குடியேற்றம் 1726லேயே பார்பெர்ரியை அழிக்க வழிசெய்யும் சட்டம் இயற்றியது. 1865இல் ஜெர்மானிய அறிஞர் ஆன்டன் டி பாரி அந்த ஐயத்தைச் சோதனையால் மெய்ப்பித்தார். 1918இல் அமெரிக்க அரசு அப்புதர்களைக் களைந்தெறியும் பேரியக்கத்தைத் தொடங்கியது. இரண்டாம் வீட்டை இடித்துப் பகைவனைத் தளர்த்தும் உத்தி அது.

ஆளிச் செடியைத் தாக்கும் துருவிடம் இந்த உத்தி பலிக்காது. அதன் ஐந்து வகை வித்துகளும் ஆளியிலேயே தோன்றுகின்றன. அறுவடைக்குப் பின் தாளில் ஒட்டிய கருநிற வித்துகளாகக் குளிர்காலத்தைக் கடந்து, வசந்தத்தில் இளஞ்செடிகளைப் பற்றிக்கொள்கிறது. இடிப்பதற்கு வேறு வீடு இல்லை. எஞ்சிய வழி, துருவை எதிர்க்கும் ஆளி வகைகளை உருவாக்குவதே. ஆனால் உருவாக்கிய வகை சில காலம் தாங்கும். பிறகு அதையும் தாக்கும் புதிய துரு இனம் வந்து சேரும். ஏன் இப்படி?

இக்கேள்வியோடு அமெரிக்க வேளாண் துறையின் ஹரால்டு ஹென்றி ஃப்ளோர் 1931இல் வட டகோட்டாவின் ஃபார்கோவுக்குச் சென்றார். அவருக்கு ஒரு கருவி ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. கனடாவின் வின்னிபெக் ஆய்வகத்தில் ஜே. எச். கிரெய்கி, 1927இல், துருவுக்கும் பால் வேறுபாடு உண்டென்று கண்டறிந்திருந்தார். அதற்கு அவர் முதலில் எடுத்துக்கொண்டதும் ஓரில்லத் துருவையே: சூரியகாந்தித் துரு. இலைக் கொப்புளங்களில் ஊறும் இனிய திரவத்தை ஈக்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வதே பூசணத்தின் மணவினை.

ஈயின் வேலையை ஃப்ளோர் தம் கையால் செய்தார். இரு துரு இனங்களைக் கலந்தார். இரு ஆளி வகைகளையும் கலந்தார். மணமும் பிறப்பும் ஒரே செடியில் நிகழ்வதால், இருபுற வம்சாவளியையும் ஒரே பயிரில் எழுத முடிந்தது. அந்த ஆளி வகைகளில் ஒன்றின் பெயர் பம்பாய், மற்றொன்று ஒட்டாவா. 22ஆம் துரு இனம் ஒட்டாவாவை மட்டுமே வெல்லும். 24ஆம் இனம் பம்பாயை மட்டுமே. இவற்றின் கலப்பில், இரண்டாம் தலைமுறையில் 133 வளர்ப்புகளைச் சோதித்தார். ஐந்து மட்டும் இரண்டு வகைகளையும் வென்றன. பெற்றோர் எவருக்கும் இயலாததைப் பேரர்கள் செய்தனர். அதுவும் மெண்டலின் கணக்குப்படி.

1940களில் அவர் வந்தடைந்த முடிவு எளிமையானது. ஆளியில் எதிர்ப்புத் தரும் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஈடாகத் துருவில் ஒரு மரபணு உண்டு. துரு சுமந்துவரும் ஓர் அடையாளத்தை ஆளி இனங்கண்டால், நோய் நின்றுவிடும். அடையாளம் மாறிவிட்டாலோ மறைந்துவிட்டாலோ, கதவு திறந்துவிடும். அடையாளம் என்பது பின்வந்தோர் தந்த விளக்கம். ஃப்ளோரிடம் இருந்தது எண்ணிக்கை மட்டுமே. 1995இல் கான்பெர்ரா ஆய்வாளர்கள் ஆளியின் எதிர்ப்பு மரபணு ஒன்றைப் பிரித்தெடுத்தனர்; 2004இல் துருவின் இணை மரபணுவும் வெளிப்பட்டது. பசுமைக் கூடத்துக் கணக்கு மூலக்கூறு அளவிலும் பிழைபடவில்லை.

புதிய துரு இனத்தை முந்தையதைவிட வலியது என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஃப்ளோரின் கணக்கு அதை மறுக்கிறது. அது வலிமை கூடியதன்று, இனங்காணப்படாதது, அவ்வளவே. வீழ்ந்த பயிரும் நலிந்ததன்று. அதற்குத் தெரிந்த முகம் மாறிவிட்டது. எதிர்ப்பு என்பது ஒருவரின் உடைமையாக இல்லாமல் இருவருக்கிடையே நிலவும் ஓர் உறவாகிறது. வயல் முழுதும் ஒரே வகையை விதைத்து ஒரே மரபணுவை நம்பியிருப்பது, ஒரே ஒரு முகத்தை மட்டும் அறிந்த காவலனை ஊர்வாயிலில் நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

இரண்டு வீடு கொண்ட துருவைப் பற்றிச் சட்டங்கள் எழுந்தன, இயக்கங்கள் நடந்தன. ஒரே வீட்டில் பிறந்து, மணந்து, மடியும் இந்த எளிய துருவோ, அவ்வாறு இருந்ததாலேயே, ஓம்புபவரும் ஓம்பப்படுபவரும் ஒருவரையொருவர் எழுதிக்கொள்ளும் கதையை நமக்குப் படித்துக் காட்டியது. பாடநூலில் அச்சொல்லை இனிக் காணும்போது, அதன் பொருளில் பாதி விருந்தாளியிடம் இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.