நீலப் பெட்டி போன வழி

முன்பக்கம் நீலம், மிச்சம் கறுப்பு, முதுகில் இரண்டு கொம்பு. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டர் 2002 டிசம்பரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது, ஒரு வீட்டுக்குள் வை-ஃபை கொடுப்பதுதான் அதன் வேலை. கூரையில் ஏறி வெயில் காயும் என்று செய்தவர்களே நினைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வருடம் குட்டு உடைந்தது. பெட்டிக்குள் ஓடியது லினக்ஸ். அதை யாரும் எடுத்துப் பாவிக்கலாம். ஆனால் அதைப் போட்டுச் சாமான் விற்றால் நிரலையும் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இருந்த கம்பெனியிடம் கேட்டுக் கேட்டு 2003இல் வாங்கிவிட்டார்கள். 2004இல் அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் பிறந்தது. அதன் பிறகு பெட்டிக்குப் புத்தி புதிது. தனக்கு வந்ததைப் பக்கத்து வீட்டுப் பெட்டிக்குத் தள்ளிவிடும். இடையில் ஒன்று படுத்தால் இன்னொரு வீட்டால் சுற்றிப் போகும். மெஷ் வலை என்று அதற்குப் பெயர். மாரியில் பாலம் உடைந்தால் நாங்கள் போவது போலத்தான்.

பெர்லின் கூரைகளில் ஏறியது. 2005 தொடக்கத்தில் இந்தியா 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை வெளியிடப் பாவனைக்கும் அனுமதிப்பத்திரமின்றித் திறந்துவிட, தர்மசாலாவில் திபெத்திய அகதிகளின் பாடசாலைகளையும் அலுவலகங்களையும் இப்படியான பெட்டிகள் இணைத்தன. அங்கே எதிரி குரங்கு. அன்டெனாவில் தொங்கி ஆடும்.

தேனியில் எதிரி கரண்ட். அரவிந்த் கண் மருத்துவமனை ஆண்டிபட்டி, போடி போன்ற ஊர்களின் கண் மையங்களை நீண்டதூர வை-ஃபையால் தேனியோடு இணைத்து, நோயாளியை வீடியோவில் டொக்டருக்குக் காட்டியது. பெட்டி வேறு, வை-ஃபை ஒன்று. அலை பல கிலோமீற்றர் போனது. மின்னழுத்தம் ஏறி இறங்கியதில்தான் சாமான்கள் செத்தன. ஊரிலேயே ஒருவர் திருத்தப் பழகும்வரை பாடுதான்.

வன்னியில் இருக்கும் எங்களுக்கு மிக அருகே வந்தது 2006இல். வவுனியாவுக்குத் தென்மேற்கே, அநுராதபுர மாவட்டத்தில், வில்பத்துக் காட்டோரம் மகாவிலச்சிய. நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் (பெயரிலாவது வன்னி இருக்கிறது) தொடங்கிய ஹொரைசன் லங்கா நிறுவனத்தின் முயற்சியில், விவசாயிகளின் வீடுகளுக்கு மெஷ் வலை போனது. அதே வருடம் ஓகஸ்டில் போரால் முகமாலையில் ஏ9 வீதி பூட்டப்பட்டது. ஓமந்தைச் சாவடி தாண்டி இந்தப் பெட்டி வரும் காலமா அது? தொண்ணூறுகளில் டோர்ச் பற்றறிக்கே தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவை ஓடவிட்டு பிபிசி தமிழோசை கேட்ட ஊர் இது.

எங்கள் முல்லைத்தீவு மாவட்டம் 2,617 சதுர கிலோமீற்றர். 2012 கணக்கெடுப்பில் சுமார் 92 ஆயிரம் பேர். அப்போது சதுர கிலோமீற்றருக்கு நாற்பது பேர்கூட இல்லை. அப்படியான இடத்தில் கோபுரம் நட்டால் எந்தக் கம்பெனிக்குக் கணக்குச் சரிவரும்? 2025இல் செய்மதி வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது. தட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும், பக்கத்து வீடு அதற்குத் தேவையில்லை. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

என்னிடம் அந்த நீலப் பெட்டி ஒன்று இருக்கிறது, பழைய சாமான் கடையில் வாங்கியது. கொம்பைக் கழற்றிவிட்டுப் பால்மா டின்னில் துளையிட்டு, 31 மில்லிமீற்றர் செப்புக் கம்பி நிறுத்தினேன். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளத்தில் அது கால்வாசி. டின்னின் வாயை வயலுக்கு அந்தப் பக்கம் மச்சான் வீட்டை நோக்கித் திருப்பினேன். மழை பெய்தால் இடையில் நிற்கும் புளியின் ஈர இலை பாதியைக் குடித்துவிடும். அது தெரிந்ததுதான். போன கிழமை வெயிலிலும் வரவில்லை. கூரையில் ஏறிக் கழற்றினால் உள்ளே சிற்றெறும்பு, வெள்ளை வெள்ளையாய் முட்டை. பல் விளக்கும் பிரஷால் தட்டிவிட்டு மாட்டினேன். கீழே இறங்க முதல் ஃபோன் அடித்தது.

"மச்சான், வருது. இனி அதில கை வையாத."