மாதாவுக்கு மாலை போட்டா விக்கிரக ஆராதனையா?

திருச்சி தெப்பக்குளம் பக்கம் போனால் இரண்டு ஆலயங்களையும் ஒரே நடையில் பார்த்துடலாம். லூர்து அன்னை ஆலயத்தில் சொரூபங்கள், மாலை, மெழுகுவர்த்தி. கொஞ்ச தூரத்தில், 1766-ல் ஸ்வார்ட்ஸ் ஐயர் கட்டிய கிறிஸ்து ஆலயம். இப்போ சிஎஸ்ஐ. அங்கே கும்பிட சொரூபமே கிடையாது.

காரணம், பத்துக் கட்டளைகள். புராட்டஸ்டன்ட் தமிழ் பைபிளில் அந்தக் கட்டளை (யாத்திராகமம் 20) 'விக்கிரக'த்தோடு 'சொரூப'த்தையும் செய்யாதே என்கிறது. கத்தோலிக்கர் மாதா சிலையைக் கூப்பிடுவதும் சொரூபம்னுதான்! சிஎஸ்ஐ பொண்ணு கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளா போனா, இந்த ஒரு வார்த்தையிலேயே சண்டை ஆரம்பிச்சுடும்.

கத்தோலிக்கர் சொல்ற பதில் பழசு. 787-ல் நிசேயா சங்கம் வகுத்தது அது: ஆராதனை கடவுளுக்கு மட்டும், படத்துக்கு வணக்கம், அதுவும் படத்தில் இருப்பவருக்கே போய்ச் சேரும். தாத்தா போட்டோவுக்கு முத்தம் கொடுத்தா, பேப்பருக்கா கொடுக்கிறோம்?

அதே யாத்திராகமத்தில் (25) தங்கக் கேருபீன்களைச் செய்யச் சொல்வதும் கடவுள்தான். மோசே செய்த வெண்கலப் பாம்பைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பிற்காலத்தில் ஜனங்கள் அதற்கே தூபம் காட்ட, எசேக்கியா ராஜா உடைத்துப் போட்டார். பாம்பு அதேதான், மாறினது ஜனங்க.

அதனால சிலை இருக்கா, இல்லையாங்கிறதைவிட, அதுகிட்ட என்ன எதிர்பார்க்கிறீங்க என்பதே முக்கியம். 'இந்தச் சொரூபத்துக்குத்தான் பவர் அதிகம்'னு வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு வருதா? சொரூபத்துக்குள் தெய்வசக்தி எதுவும் இல்லைன்னு 1563-லேயே சொன்னது கத்தோலிக்கர்களின் திரெந்து சங்கம்தான்.