"நாங்க ஆடுன படம் ஏதாச்சும் இருக்குங்களா சார்?"

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த தம்பி ஒருவன் மண்ணரையில் என் வீட்டுக்கு வந்திருந்தான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தீபாவளி போனஸில் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கியிருக்கிறான். "உள்ளூர் பேப்பருக்கு விளையாட்டுப் படம் எடுத்துக் குடுக்கலாம்னு இருக்கேனுங்க சார். எங்கிருந்து ஆரம்பிக்கிறதுங்க?" என்று கேட்டான்.

எனக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது. ஆனால் அவன் கேட்டதும் எனக்கு 1986-ஆம் வருடம் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர். எங்கள் எட்டாம் வகுப்புப் பெண்கள் கபடியில் வட்ட அளவில் முதலிடம் வந்தார்கள். இறுதி ஆட்டம் முடியும்போது பொழுது இறங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் படம் வந்தது. முன்வரிசை நாற்காலிகளில் சிறப்பு விருந்தினர், கோப்பை கொடுத்தவர், இன்னும் சில பெரியவர்கள். பின்னால் நெரிசலாக எங்கள் பிள்ளைகள். நாற்காலியில் இருந்தவர்கள் பெயரெல்லாம் கீழே இருந்தது. ஜெயித்தவர்களுக்கு "மாணவிகள்" என்ற ஒரு சொல்தான்.

அந்த அணியின் கேப்டன் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். பல வருடம் கழித்து ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்த்தவள் கேட்டாள்: "நாங்க ஆடுன படம் ஏதாச்சும் இருக்குங்களா சார்? எம் பொண்ணு நம்ப மாட்டேங்கறா."

இல்லை. ஒரு படம்கூட இல்லை.

அந்தப் படக்காரர் மேல் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. பிறகு விளையாட்டுப் படங்களின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது அதில் பாதி நியாயமில்லாத கோபம் என்று புரிந்தது.

அன்று ஊர்ப்பக்கம் பேப்பருக்குப் படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் கல்யாண வீட்டுக்குப் போகும் ஸ்டுடியோக்காரர்கள்தான். பக்கத்து ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை இருந்தது. 1960-இல் தொடங்கப்பட்டு, 1967 முதல் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்த அரசு நிறுவனம். இருந்தாலும் ஃபிலிம் காசுதான். ஒரு ரோலுக்கு 36 படம். அதிலேயே நாலு விழாவை முடித்தாக வேண்டும். ரைடு போகிற பிள்ளை அசங்காமல் படத்தில் விழ ஷட்டர் 1/500 நொடியாவது இருக்க வேண்டும். சாயங்கால வெளிச்சத்துக்கு அது முடியாது. ஃபிளாஷ் போடலாம் என்றால், அன்றைய பல கேமராக்களில் 1/60 நொடிக்கு மேல் ஃபிளாஷ் ஒத்துழைக்காது. பெண்கள் கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஸ்டுடியோ லென்ஸில் எதிர்க்கோடியில் இருக்கும் முகம் கடுகளவுதான் தெரியும். இத்தனையும் தாண்டி எடுத்தாலும், கழுவி, பிரிண்ட் போட்டு, கவரில் வைத்து, கோவை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். சென்னையில் தயாரான பக்கங்களை வெளியூர் அச்சகத்துக்கு ஃபேக்சிமிலி முறையில் அனுப்பும் வசதியை 'தி இந்து' 1969-லேயே கொண்டுவந்துவிட்டது. நம் ஊர்ப் படம் மட்டும் 1986-லும் பஸ்ஸில்தான் போனது.

அதே 1986 செப்டம்பரில்தான் சேப்பாக்கத்தில் இந்தியா – ஆஸ்திரேலியா டெஸ்ட் 'டை' ஆனது. வெயிலில் வாடி வதங்கி டீன் ஜோன்ஸ் 210 ரன் எடுத்த ஆட்டம். கடைசி ஓவரில் மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. பத்திரிகைகள் அந்தப் படங்களாகவே இருந்தன.

அதற்கு முன் டெஸ்ட் வரலாற்றில் ஒரே ஒரு 'டை'தான் நடந்திருந்தது. 1960 டிசம்பர் 14, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன், எதிரணி வெஸ்ட் இண்டீஸ். வெஸ் ஹால் கடைசி ஓவர் வீசுகிறார். 'தி ஏஜ்' பத்திரிகைப் படக்காரர் ரான் லோவிட்டிடம் மீதி இருந்தது ஒரே ஒரு தகடு. அந்த ஓவரில் கேட்ச் நழுவியது, ரன் அவுட் ஆனது. அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து எறிந்த பந்து ஸ்டம்பைத் தாக்கி மெக்கிஃப் ரன் அவுட் ஆன நொடியில் அமுக்கினார். கிரிக்கெட் உலகம் மறக்காத படங்களில் ஒன்று அது. அவர் முந்தின பந்திலேயே அமுக்கியிருந்தால் நமக்கு அந்தப் படம் கிடைத்திருக்காது. ஆக, இந்தத் தொழிலின் முதல் பாடம் ஆட்டத்தைத் தெரிந்துகொண்டு பொறுத்திருப்பது.

'எங்கிருந்து ஆரம்பிப்பது' என்ற கேள்விக்கு அமெரிக்காவின் நீல் லைஃபர் நல்ல பதில். நியூயார்க்கில் ஏழைக் குடியிருப்புப் பகுதிப் பையன். மைதானத்துக்கு டிக்கெட் வாங்கக் காசில்லை. சக்கர நாற்காலியில் வரும் முன்னாள் படைவீரர்களை உள்ளே தள்ளிக்கொண்டு போனால் இலவசமாக விடுவார்கள். அப்படி நுழைந்து, 1958 டிசம்பர் 28 அன்று, தன் 16-ஆவது பிறந்த நாளில், அமெரிக்கக் கால்பந்தின் புகழ்பெற்ற இறுதி ஆட்டத்தில் வெற்றியைத் தந்த கடைசி ஓட்டத்தைப் படமெடுத்தான். 1965-இல் முகமது அலி, விழுந்து கிடக்கும் சோனி லிஸ்டனைப் பார்த்துக் கத்தும் அந்தப் படமும் அவர் எடுத்ததே. அவரைவிட அனுபவசாலியான ஹெர்ப் ஷார்ஃப்மன் மேடையின் எதிர்ப்பக்கம் இருந்தார். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகுதான். நிற்கிற இடம் அவ்வளவு முக்கியம்.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு வழி இருந்தது. சென்னையிலிருந்து 1947 முதல் 1968 வரை 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்', 1978 முதல் 'ஸ்போர்ட்ஸ்டார்' என்று விளையாட்டுப் படங்களுக்கென்றே சொல்லும்படியான இதழ்கள் வந்தன. ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்கப் படத்தைச் சுவரில் ஒட்டாத ஹாஸ்டல் அறை அபூர்வம். ஆனால் அந்தச் சுவர்களில் கபடிப் பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியாகி இந்தியா தங்கம் வாங்கிய பிறகும் பெரிதாக மாறவில்லை.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டுச் சொன்னேன்: "கண்ணு, 1986-இல் ஆட்டத்தைப் படம் எடுக்க முடியாமல் போனதற்கு வெளிச்சமும் ஃபிலிமும் பஸ்ஸும் காரணம். பிள்ளைகள் பெயரை எழுதாமல் விட்டதற்குக் கேமரா காரணமில்லை. ஒரு பேனாவும் ரெண்டு நிமிஷமும் போதும். அதுக்கு மனசு வரலை. இன்னைக்கு முதல் சங்கடம் தீர்ந்துபோச்சு. ரெண்டாவது அப்படியேதான் இருக்குது."

அவன் தலையாட்டினான். அவனுக்கு நான் சொன்ன வழி இதுதான். பெரிய ஸ்டேடியத்துக்கு ஆசைப்படாதே. ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் பள்ளிக்கூட விளையாட்டு விழாவிலிருந்து தொடங்கு. முன்கூட்டியே பி.இ.டி. ஆசிரியரைப் பார்த்து அனுமதி கேள். கபடி என்றால் ரைடர் முகம் உன்னைப் பார்த்து வரும் பக்கம் போய்த் தரையோடு உட்கார். ஒரு ரைடு 30 நொடி. முதல் நொடியிலிருந்தே சும்மா அமுக்கிக்கொண்டிருக்காதே, பிடி விழும் நேரத்துக்குக் காத்திரு. அம்பது படம் அனுப்பினால் பேப்பரில் யாரும் பார்க்க மாட்டார்கள். நல்லதாக மூன்று மட்டும், பக்கம் முடிவதற்கு முன்னால் அனுப்பு. பள்ளியும் வீட்டாரும் சம்மதிக்காமல் பெண் பிள்ளைகள் படத்தை எங்கேயும் போடாதே. கூலி சொற்பமாகத்தான் இருக்கும், கம்பெனி வேலையை விட்டுவிடாதே.

கடைசியாக ஒன்று. ஆடியவர்கள் பெயரை, இனிஷியலோடு, அவர்கள் வாயாலேயே கேட்டு எழுது. தோற்ற அணியிலும் கேள்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பள்ளி விளையாட்டுப் படம் இருந்தால் இன்றைக்கே எடுத்து, பின்பக்கம் பென்சிலால் பெயர்களை எழுதி வையுங்கள். 1986-ஆம் வருட எங்கள் கபடி ஆட்டப் படம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஒரு அம்மா தன் மகளிடம் காட்டக் காத்திருக்கிறார்.