மாரி விடுமுறையும் வன்னியின் முதலாம் தவணையும்

வன்னிப் பள்ளிக்கூடங்களுக்குக் குளிர்கால விடுமுறை கிடையாது. இருப்பது மாரி விடுமுறை. வழக்கமாக மூன்றாம் தவணை டிசெம்பர் தொடக்கத்தில் முடியும், முதலாம் தவணை ஜனவரியில் தொடங்கும். இடைப்பட்ட வாரங்களில் வடகீழ்ப் பருவமழை ஊற்றும், குளங்கள் வான் பாயும், காலபோக நெல் வளர்ந்து நிற்கும். நாட்காட்டியைக் கொழும்பில் வகுத்தவர்கள் இரணைமடுக் குளத்தையோ முத்தையன்கட்டுக் குளத்தையோ நினைத்து வகுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் விடுமுறை இங்கே பேரிடரின் பருவத்தில் வந்து விழுகிறது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவைத் தாக்கியது இந்த விடுமுறையில்தான். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது சனம் ஒதுங்கிய இடங்களில் பள்ளிக்கூடங்களும் இருந்தன. இப்படி வேறு யாரோ குடியிருந்துவிட்டுப் போன கட்டடத்தில் ஆண்டு தொடங்குவது இந்த மண்ணில் புதினமல்ல. ஆகவே வன்னியில் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கட்டடத்தைக் காட்டுவதைவிட நேரசூசியைக் காட்டுவதே பொருத்தம் என்பேன். காலை ஒன்றுகூடல், தேவாரம், இடாப்புக் கூப்பிடுதல், இடைவேளை, மணி ஆகியவற்றைப் பாடத்துக்கு முந்திய சில்லறைச் சடங்குகளாக எண்ணுகிறோம். வன்னியில் பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்த போதெல்லாம் கூடவே போனவை அவைதான்.

பள்ளிக்கூடம் சனத்தின் பின்னால் போன இந்த வரலாறு போரோடு தொடங்கியதல்ல. மலேரியாவும் காடும் ஆள்குறைவும் நெடுங்காலம் ஆண்ட நிலப்பரப்பு இது. 1920இல் கட்டி முடிந்த இரணைமடுவும், அதன் கீழ் எழுந்த குடியேற்றத் திட்டங்களும்தான் கிளிநொச்சிப் பக்கம் குடும்பங்களைக் கொண்டுவந்து சேர்த்தன. பள்ளிக்கூடங்கள் அவற்றின் பின்னால் வந்தன. 1977 கலவரத்தில் துரத்தப்பட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியா, முல்லைத்தீவுக் காட்டோரங்களில் குடியேறியபோது, டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோரின் காந்தியம் அமைப்பு காணிக்கு உதவியதோடு நில்லாமல் பாலர் பள்ளிகளையும் நடத்தியது. எல்லாம் இழந்து வந்த குடியிருப்பில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஒரு நேர ஒழுங்கு முதலில் வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1983இல் இருவரும் கைதானார்கள். இராஜசுந்தரம் அந்த ஆண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்களில் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தார்கள். மறு ஆண்டு செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரமே படையினர் வசமாக, வந்தவர்களும் இருந்தவர்களும் சேர்ந்து மறுபடி நகர்ந்தார்கள்.

2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி மறுபடி படையினரிடம் வீழ்ந்தது. வேறெந்த ஆண்டாயினும் முதலாம் தவணைக்குச் சீருடை தோய்த்துக் காயவைக்கும் நாட்கள் அவை. மே மாதத்தில் போர் முடிந்தபின் செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே கூடாரங்களிலும் மரநிழலிலும் வகுப்புகள் தொடங்கின. கற்பித்தவர்களில் பலர் முகாம்வாசிகளான ஆசிரியர்களே. அந்த நிலைமையில் ஓர் இடாப்பு என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். பழைய இடாப்பு இல்லை, விடுகைப் பத்திரம் பலரிடம் இல்லை. புதிய தாளில் பெயர், தரம், முன்பு படித்த பள்ளிக்கூடம் என்று எழுதும்போதே ஒரு பிள்ளை ‘தரம் இரண்டு’ ஆகிறது. முகாமின் மற்ற எல்லாப் பதிவுகளிலும் அது ஒரு நிவாரண அட்டையில் அடங்கிய உருப்படி மட்டுமே.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. மணி, வரிசை, இடாப்பு எல்லாம் காலனி ஆட்சி விட்டுச்சென்ற கட்டுப்பாட்டுக் கருவிகள். வரிசையிலே நின்றே களைத்துப்போன முகாம் பிள்ளைகளுக்கு இன்னொரு வரிசை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சோற்றுக்கும் தண்ணீருக்கும் நிற்கும் வரிசை எப்போது முடியும் என்று பிள்ளைக்குத் தெரியாது. வகுப்பு வரிசையில் அடுத்து என்ன வரும் என்பது தெரியும். அடுத்ததை முன்கூட்டியே அறிந்திருப்பது கட்டுப்பாடா ஆறுதலா என்பதை அந்த ஒழுங்கை யார், எதற்காக நடத்துகிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. பிரம்போடு நடத்தினால் கட்டுப்பாடுதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: இழந்தது பாடத்திட்டம், ஆகவே முதல் வாரத்திலிருந்தே பாடத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வன்னியின் பிள்ளைக்காகத் தள்ளி நிற்பதில்லை என்பது உண்மை. ஆனால் 1998இல் கம்பஹாவில் பரீட்சித்து 1999இல் நாடெங்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே வேறு வழியைச் சொல்கிறது. தரம் 1, 2 அடங்கிய முதன்மை நிலை ஒன்றில் விளையாட்டும் செயற்பாடும் முதன்மை. மேசை வேலை மிகக் கொஞ்சம். தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளையை முதல் வாரங்களில் விளையாட்டின் ஊடாக இனங்காண வேண்டும், எழுதவைத்து அல்ல. கம்பஹாவில் அதைப் பரீட்சித்த காலம் வன்னி ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கையின் சண்டைக்குள் கிடந்தது. மேசையே இல்லாத கொட்டில்களுக்கு மேசை வேலையைக் குறைக்கும் சீர்திருத்தம் வந்தது என்று கசப்பாகச் சிரிக்கலாம். ஆயினும் அதன் முறை, மணலும் குச்சியும் புளியங்கொட்டையும் போதும் என்னும் முறை. வசதியான பள்ளிக்கூடத்தைவிட வன்னிக்குத்தான் அது கூடப் பொருந்தியது.

ஜனவரித் தொடக்கத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. பள்ளி திறந்து இரண்டு கிழமைக்குள் தைப்பொங்கல் வந்துவிடும். தரம் இரண்டுப் பிள்ளைகள் மாலையிட்டுப் புதியவர்களை வரவேற்கும் கால்கோள் விழாவும் ஆண்டின் தொடக்கத்தையொட்டியே வரும். பொங்கல் வரையுள்ள நாட்களை ஒழுங்குக்கும் விளையாட்டுக்கும் விட்டு, எழுத்தைப் பொங்கலுக்குப் பின் எடுத்தால் பாடத்திட்டம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. கொரோனா இந்தப் பொருத்தத்தையும் குலைத்தது. 2023இன் கல்வியாண்டு மார்ச் கடைசியில்தான் தொடங்கியது. அப்போது பொங்கல் போய்விட்டது, காலபோக அறுவடையும் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. புதிய பிள்ளைகள் வந்து இருந்த சில நாட்களிலேயே சித்திரைப் புத்தாண்டு விடுமுறை குறுக்கிட்டது. ரீச்சர்மார் ஏப்ரல் நடுப்பகுதியில் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.