தான்றிக்காயும் சீட்டுக்கட்டும்: திறனா, நற்பேறா என்னும் நெடிய வழக்கு

போக்கர் போட்டி ஒன்றில் முதன்முறையாகப் பரிசு பெறும் ஒருவர் அந்த வெற்றியைத் தம் திறமையின் கணக்கில் எழுதிக்கொள்கிறார். அடுத்த பத்துப் போட்டிகளில் வெறுங்கையோடு வெளியேறும்போது அந்தத் தோல்விகளைக் கெட்ட நேரத்தின் கணக்கில் எழுதுகிறார். வென்றால் திறன், தோற்றால் விதி என்னும் இந்த இரட்டைப் பேரேடு தனிமனிதர்களின் பலவீனம் மட்டுமன்று. சூதாட்டத்தைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்ட வேதப் பாடல்கள், இதிகாசங்கள், அரசியல் நூல்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் அனைத்திலும் அதன் தடம் உண்டு.

இந்த வரலாற்றின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள 34ஆம் சூக்தம். அதில் பேசுபவன் ஒரு சூதாடி. மனைவி அவனை விட்டு விலகிவிட்டாள், மாமியார் வெறுக்கிறாள், கடன்பட்டு, அச்சத்தோடு இரவில் பிறர் வீடுகளை நாடித் திரிகிறான். இனிக் களத்துக்குப் போவதில்லை என்று முடிவெடுக்கிறான். காய்கள் உருளும் ஓசை கேட்டதும் அந்த முடிவு கரைந்துவிடுகிறது. சூதைக் கைவிட்டு நிலத்தை உழுமாறு பாடலின் இறுதிப்பகுதி அறிவுறுத்துகிறது. அக்காலத்துச் சூதுகாய்கள் தான்றி மரத்தின் கொட்டைகள். திரிபலாவில் சேரும் அதே தான்றிக்காய்தான் அன்று குடும்பங்களைக் குலைத்தது.

ஆனால் அதே பத்தாம் மண்டலத்தில் வேறொரு சூதாடியும் இருக்கிறான். இந்திரனைப் போற்றும் 42ஆம் சூக்தம், தக்க நேரத்தில் வெற்றிக்குரிய காய்களைத் தேர்ந்து எடுக்கும் கைதேர்ந்த ஆட்டக்காரனை உவமையாக்குகிறது. அவனுக்கு ‘ச்வக்னின்’ என்று பெயர். புலம்புகிறவனுக்கு ‘கிதவன்’ என்று பெயர். ஆடுவது இருவரும் ஒன்றே. ஒருவன் கடவுளுக்கு உவமையாகிறான், மற்றவன் எச்சரிக்கையாகிறான்.

ஆட்டத்தின் சொற்களே அதன் இயல்பைக் காட்டுகின்றன. வேதகாலத்து ஆட்டத்தில் ஒரு குவியலிலிருந்து கைநிறையக் காய்களை அள்ளி எண்ணினர் என்பது அறிஞர் பலர் ஏற்கும் விளக்கம். நான்கால் மீதியின்றி வகுபட்டால் ‘கிருதம்’. மூன்று மிஞ்சினால் ‘திரேதா’. இரண்டு மிஞ்சினால் ‘துவாபரம்’. ஒன்று மட்டும் மிஞ்சினால் ‘கலி’. உலகத்தின் நான்கு யுகங்களுக்கும் பின்னாளில் இந்த எறிவுகளின் பெயர்களே சூட்டப்பட்டன. கலியுகம் என்பது சொல்லளவில் தோற்ற கையின் யுகம். அள்ளுவதற்கு முன் கண்ணால் எண்ண வல்லவனுக்கு இவ்வாட்டத்தில் ஆதாயம் இருந்திருக்க வேண்டும். எனவே திறனுக்கும் நற்பேற்றுக்கும் இடையிலான எல்லைக்கோடு தொடக்கத்திலேயே மங்கலாகத்தான் இருந்தது.

மகாபாரதத்தில் வரும் நளன் கதை இந்த இடத்தில் வியப்பூட்டுகிறது. நாட்டைச் சூதில் இழந்த நளன், உருமாறி, இருதுபன்னனின் தேரோட்டியாகிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைக் காணும் இருதுபன்னன், அதன் இரு கிளைகளில் உள்ள கனிகள் 2,095 என்று பார்த்த அளவிலேயே சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. குதிரைகளின் மறைபொருளைக் கற்றுத் தந்து, காய்களின் மறைபொருளான ‘அக்ஷஹிருதய’த்தை ஈடாகப் பெறுகிறான். அந்த நொடியில் அவனைப் பற்றியிருந்த கலி வெளியேறித் தான்றி மரத்துக்குள் புகுகிறது. மிகக் கெட்ட எறிவின் பெயரைத் தாங்கிய தெய்வம், காய்கள் காய்க்கும் மரத்துக்கே திரும்புகிறது. நிகழ்தகவுக் கோட்பாட்டின் தோற்றத்தைப் பற்றி 1975இல் நூல் எழுதிய மெய்யியலாளர் இயன் ஹாக்கிங், மதிப்பீட்டுக்கும் சூதுக்கும் இருந்த உறவைக் காட்டும் பழஞ்சான்றாக இக்கதையைக் குறிப்பிட்டார்.

நளன் கதை மகாபாரதத்துக்குள் சொல்லப்படும் சூழலையும் கவனிக்க வேண்டும். அத்தினாபுரத்து அவையில் அனைத்தையும் இழந்து காட்டில் வாழும் தருமனுக்கு, பிருகதசுவர் என்னும் முனிவர் இதைச் சொல்கிறார். சொல்லி முடித்ததும் அதே அக்ஷஹிருதயத்தை அவனுக்கும் கற்பிக்கிறார். பின்னர் விராடன் அவையில் கங்கன் என்ற பெயரில் தருமன் ஏற்ற வேலை, அரசனோடு காய் உருட்டும் துணைவன் வேலை. அதாவது, ஆசையால் ஆடித் தோற்றவன் கற்றுத் தேர்ந்து அதையே பிழைப்பாக்கிக்கொள்கிறான். சூதுக்கு முன் நடந்த விவாதமும் இன்றைய வாதங்களுக்கு மிக நெருக்கமானது. வஞ்சகத்தால் வெல்வது முறையன்று என்கிறான் தருமன். கற்றவன் கல்லாதவனை வெல்வதும், வலியவன் மெலியவனை வெல்வதும் எங்கும் நடப்பவை, அவற்றை யாரும் வஞ்சகம் என்பதில்லை என்று மறுமொழி சொல்கிறான் சகுனி. திறன் என்னும் வாதத்தை இந்த மண்ணில் முதலில் கூர்மையாக முன்வைத்தவர்களுள் சகுனியும் ஒருவன். அந்த வாதம் தவறென்று சொல்லிவிட முடியாது. அது யாருக்கு நன்மை செய்கிறது என்பதே கேள்வி.

அரசுகள் இக்கேள்வியை வேறு வழியில் அணுகின. அர்த்தசாஸ்திரம் சூதைத் தடை செய்யவில்லை, ஓரிடத்தில் கூட்டியது. அதிகாரி குறித்த இடத்துக்கு வெளியே ஆடினால் 12 பணம் தண்டம். வென்ற தொகையில் 5 விழுக்காடு அரசுக்கு. காய்களுக்கும் தண்ணீருக்கும் இடத்துக்கும் தனி வாடகை. இன்றைய போட்டிகளில் நுழைவுக் கட்டணத்திலிருந்து ஏற்பாட்டாளர் எடுத்துக்கொள்ளும் பங்குக்கு இது மூதாதை. மனு தர்மசாஸ்திரமோ சூதையும், உயிரினங்களை மோதவிட்டுப் பந்தயம் கட்டுவதையும் அரசன் அடியோடு ஒழிக்க வேண்டும் என்றது. திருக்குறளின் ‘சூது’ அதிகாரம் மூன்றாவது பார்வை ஒன்றைத் தருகிறது. அதன் முதற்குறளில் அஞ்சப்படுவது தோல்வியன்று, வெற்றி. அங்கே வெற்றியே தூண்டில் முள்ளாகிறது. முதற்பரிசு பெற்ற ஆட்டக்காரரின் அடுத்த ஆண்டை அறிந்தவர்களுக்கு இந்த உவமையின் துல்லியம் விளங்கும்.

சீட்டு இந்த வரலாற்றில் காலத்தால் பிந்தியது. பாபர் 1527இல் சிந்துவின் ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபா சீட்டுகளை அனுப்பியதைத் தம் நினைவுக்குறிப்பில் பதிவுசெய்தார். அக்பர் அவையின் சீட்டு வகைகளை ‘அயினி அக்பரி’ விவரிக்கிறது. சாவந்த்வாடியிலும் விஷ்ணுபூரிலும் ஒடிசாவிலும் வட்ட வடிவச் சீட்டுகள் கையால் தீட்டப்பட்டன. ஐரோப்பியரின் 52 சீட்டுக் கட்டு வந்தபின் அவை மெல்ல ஒதுங்கின.

இன்றைய சட்டச் சிக்கலின் வேர் 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம். சூதாட்ட விடுதி நடத்துவோருக்கு 200 ரூபாய் வரை தண்டம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. அங்கே ஆடுவோருக்கு 100 ரூபாய் வரை தண்டம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. ஆனால் அதன் 12ஆம் பிரிவு, ‘மியர் ஸ்கில்’ ஆட்டங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்றது. ‘மியர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘வெறும்’ என்றும் பொருள் உண்டு, ‘கலப்பற்ற’ என்னும் பழம்பொருளும் உண்டு. கலப்பற்ற திறன் மட்டுமே கொண்ட சீட்டாட்டம் எதுவும் உலகில் இல்லை. கட்டைக் கலைத்த கணமே நற்பேறு உள்ளே வந்துவிடுகிறது. அந்த ஒரு பெயரடையின் பொருள் மீது, அதன் பின் வந்த ஒன்றரை நூற்றாண்டு வழக்குகள் நின்றன.

1957இல் உச்ச நீதிமன்றம் சமர்பாக்வாலா வழக்கை விசாரித்தது. பெங்களூரிலிருந்து வெளியான ஒரு வார இதழின் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டிகள் அவ்வழக்கின் பொருள். பங்கேற்றவர்கள் சூதாட்ட விடுதிக்குப் போகாதவர்கள். வீட்டிலிருந்தபடியே விடைத்தாள் நிரப்பி அனுப்பிய பொதுமக்கள். தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் தம் தீர்ப்பில் ரிக்வேதத்தின் அந்த 34ஆம் சூக்தத்தையும் மகாபாரதத்தையும் மனுவையும் எடுத்துக்காட்டினார். சூதாட்டம் வணிகமாகாது, அதற்கு அரசியலமைப்பின் வணிக உரிமைப் பாதுகாப்பு இல்லை என்று முடிவாயிற்று. அதே நாளில் வந்த இணைத் தீர்ப்பு, பெருமளவு திறன் சார்ந்த போட்டிகள் சூதாட்டமாகா என்றது. கிதவனின் புலம்பல் தீர்ப்புக்குள் நுழைந்தது. ச்வக்னினுக்கோ கதவு திறந்தது.

1967இல் செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றின் வழக்கில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பதும் தேவைப்படுவதால் ரம்மி பெரிதும் திறனாட்டமே என்றது உச்ச நீதிமன்றம். 1996இல், சென்னைக் குதிரைப் பந்தயம் தொடர்பான லட்சுமணன் வழக்கில், ‘மியர் ஸ்கில்’ என்பதற்குத் ‘திறன் மேலோங்கியது’ என்று பொருள் தெளிவாயிற்று. போக்கருக்கு இந்தத் தெளிவு கிட்டவில்லை. மேற்கு வங்கச் சட்டம் அதைச் சூதாட்ட வரையறையிலிருந்து விலக்கியிருந்தது. நாகாலாந்து அதைத் திறனாட்டப் பட்டியலில் சேர்த்தது. குஜராத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2017இல் அதைச் சூதாட்டம் என்றார். தமிழ்நாடு அதை நற்பேற்று ஆட்டப் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை நீக்கியது. ஒரே ஐந்து சீட்டுக் கை மாநில எல்லையைத் தாண்டியதும் வேறு பொருள் பெற்றது.

இதற்கிடையே 2003இல் அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மனிமேக்கர், இணையத்தின் சிறு தகுதிப் போட்டி வழியாக நுழைந்து, 839 பேர் ஆடிய உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். 2006இல் அதே போட்டிக்கு 8,773 பேர் வந்தனர். ஒரு கணக்காளரால் முடிந்தால் தம்மாலும் முடியும் என்ற நம்பிக்கை இந்திய நகரங்களையும் எட்டியது.

அந்த நம்பிக்கையைக் கணக்கு எப்படி எதிர்கொள்கிறது என்று பார்ப்பது நல்லது. கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் அதைவிடச் சிறிய இணை. இருவரும் கையிருப்பு முழுவதையும் வைத்துவிட்டனர். ஏஸ் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு. இதைவிட நல்ல நிலை எளிதில் வாய்க்காது. ஒரு போட்டியில் இத்தகைய ஐந்து கட்டங்களைக் கடக்க வேண்டியிருந்தால், ஐந்திலும் தப்பும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. ஒரு பிழையும் செய்யாதவரே மூன்றில் இரண்டு முறை வெளியேறுகிறார். கட்டாயப் பந்தயத் தொகை நேரத்தோடு கூடிக்கொண்டே போவதால் நல்ல சீட்டுக்காகக் காத்திருக்கவும் இயலாது. பரிசு பொதுவாகப் பங்கேற்போரில் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டினருக்கே. அதிலும் பெரும்பங்கு முதல் சிலருக்கு. பல்லாயிரம் கைகளின் நீளத்தில் திறன் வெளிப்படுகிறது என்பது உண்மை. ஆனால் மாதம் இரண்டு போட்டி ஆடும் ஒருவரின் வாழ்நாளில் அந்த நீளம் வந்து சேர்வதே அரிது. அவர் ஆடுவது திறனாட்டம். அவர் வாழ்வில் நிகழ்வதோ பெரும்பாலும் நற்பேறு.

வரிச்சட்டம் இந்த ஏற்ற இறக்கத்தில் ஏற்றத்தை மட்டுமே கண்டது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின்படி சீட்டாட்ட வெற்றிக்கு 30 விழுக்காடு வரி இருந்தது. அதன்பொருட்டுச் செய்த செலவைக் கழிக்க முடியவில்லை. 2023 அக்டோபர் 1 முதல், இணையத்தில் பணம் வைத்து ஆடுவோர் செலுத்தும் முழுத் தொகை மீதும் 28 விழுக்காடு சரக்கு, சேவை வரி வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பழைய வழக்கையே ஒதுக்கிவைத்தது. திறனாயினும் நற்பேறாயினும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவது குற்றம். மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை தண்டம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தை அடைந்தன.

கௌடில்யர் எங்கே ஆடலாம் என்று கேட்டார். மனு ஆடலாமா என்று கேட்டார். 1867ஆம் ஆண்டின் சட்டம் எந்த ஆட்டம் என்று கேட்டது. இவை யாவும் ஆட்டத்தைப் பற்றிய கேள்விகள். ஆடுபவர் எவ்வளவு வைக்கிறார், இழந்தால் தாங்குவாரா, இழந்த இரவே மறுபடி அமர்கிறாரா என்பவற்றை ஆட்டத்தின் பெயர் சொல்லாது. திறனாட்டத்திலும் வீடு போகும். நளனும் தருமனும் மறைபொருளைக் கற்றது நாட்டை இழந்த பிறகுதான். ரிக்வேதத்துச் சூதாடி தன் ஆட்டம் திறனா நற்பேறா என்று அந்தப் பாடலில் ஒருமுறையும் கேட்கவில்லை. அவன் பேசுவது மனைவியைப் பற்றி, கடனைப் பற்றி, போகாதிருக்க இயலாத தன் கால்களைப் பற்றி.